வாய் திறக்காமல் அறுபது சுங்குடி

ஒரு ஷட்டரும் இன்னும் தூக்கவில்லை, நல்லது, அதற்காகத்தானே விடியக்காலம் நாலு மணி பஸ்ஸைப் பிடித்து ஈரோட்டிலிருந்து வந்தது. மதுரைத் தெற்கு மாசி வீதியில் பூட்டுகளுக்கு முன்னால் தண்ணீர் தெளிக்கிறவர்களும், கூடையை இன்னும் இறக்கி வைக்காத பூக்காரி ஒருத்தியும், வாழை இலையைத் தின்றுகொண்டிருந்த ஒரு மாடும் தவிர ஆளில்லை. முதல் போணிக்கு வந்து நிற்கிற ஆளை எந்தக் கடைக்காரனும் வெறுங்கையோடு அனுப்பமாட்டான், அனுப்பினால் அன்றைக்குப் பூராவும் வியாபாரம் நொண்டும் என்று அவனுக்குப் பயம், அந்தப் பயத்தின் மேல் ஏறி நின்றுதான் மயிலாத்தாள் முப்பத்திரண்டு வருஷமாகத் துணி வாங்குகிறாள். ஆனால் ஏறி நிற்க வாய் வேண்டும். வாய் இருக்கிறது, குரல்தான் இல்லை, இல்லையில்லை, குரலும் இருக்கிறதோ என்னமோ, திறந்து பார்க்கத்தான் கூடாது. தொண்டைக்குள்ளே மிளகு அளவுக்கு ஒரு கட்டி, கத்திக் கத்தி வந்த கட்டி, கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, கோயமுத்தூரில் வழித்து எடுத்துவிட்டார்கள், எடுத்த டாக்டர் அவள் மகன் வயசுப் பயல், "முப்பது நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா, கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அது கத்துறதைவிடக் கெடுதல்" என்றான். இன்றைக்குப் பதின்மூன்றாவது நாள். முப்பத்தொன்றாம் நாள் காலையில் வாயைத் திறக்கும்போது என்ன வரும்? காற்று வந்தால்? வெறும் காற்று, சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினது மாதிரி? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவள் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொள்வாள், ஏதோ நாக்குதான் குற்றவாளி என்கிற மாதிரி. இப்படி அவள் நாக்கை ஒட்டிக்கொண்டு படுத்திருந்த ஒரு நாள்தான் பூபதி, பெற்ற மகன், வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னான், "அம்மா, சந்தைல நம்ம தொழிலே வாயிதானுங்க. இனி நீங்க அங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க. நான் பாத்துக்கறேன். ஒரே விலைன்னு பலகை எழுதிட்டேன், திங்கக்கிழமை மாட்டிருவோம்." ஒரே விலை! அவள் கடையில்! பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போக அது என்ன ரேஷன் கடையா? அவள் எழுந்து உட்கார்ந்து நோட்டை இழுத்துத் தாள் கிழிகிற அழுத்தத்தில் எழுதினாள்: தீபாவளிக்கு அறுபது சுங்குடி நானே மதுரை போய் எடுக்கிறேன். கைமுடிச்சுச் சேலை. ஒரு சேலை எண்ணூறுக்கு மேல் எடுத்தால் பலகையை மாட்டு, நான் கடை மெத்தையை விட்டு எழுந்துகொள்கிறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். பூபதி சிரித்தான். அந்தச் சிரிப்பு, அதுதான் இன்னும் எரிகிறது, அதில் கேலி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதில் பாவம் பார்க்கிறது இருந்தது.

"அத்தை, கடை தொறக்கறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்தர்லாங்களா? இத்தனை தூரம் வந்துட்டுக் கோபுரங்கூடப் பாக்கலீன்னா எப்படிங்க," என்றாள் இந்துமதி, மருமகள், துணைக்கென்று பூபதி அனுப்பி வைத்தவள், பஸ் ஏறியதிலிருந்து மூடாத வாய், ஒட்டன்சத்திரம் தாண்டும்போது மட்டும் தூக்கத்தில் கொஞ்சம் நின்றது. கடவுள் எதை யாருக்குக் கொடுக்கிறான் பார், பேசிப் பிழைக்கிறவளுக்குப் பூட்டு, சும்மா இருக்கிறவளுக்கு மோட்டார். மயிலாத்தாள் தலையாட்டினாள், நடந்தார்கள். இத்தனை காலம் இந்த ஊர்ச் சரக்கைப் புரோக்கர் ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்து அவள் கடையில் இறக்கிவிட்டுப் போவார், மதுரை என்றால் அவளுக்கு மூட்டையின் மேல் மையில் எழுதின ஒரு எழுத்து, அவ்வளவுதான், அந்த எழுத்துக்குள்ளே இத்தனை தெருவா. சித்திரை வீதி கோயிலைச் சுற்றிச் சதுரமாகப் போகிறது, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி சதுரமாக, அதற்கு வெளியே மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி, மாசத்துக்கு ஒரு தெரு வைத்துக் கட்டின ஊர், எங்கே திரும்பினாலும் தெருக்கோடியில் ஒரு கோபுரம் நின்றுகொண்டு, வந்தாயா என்கிறது. பாத்திரக் கடை ஒன்றில் குடங்களை வெளியே எடுத்து வைக்கிற ஆள் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து வைத்தான், ணங், ணங், ணொய். மூன்றாவது குடத்தில் விரிசல். அவள் கண்ணாலே சொன்னாள், அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்து அதைப் பின்வரிசைக்குத் தள்ளினான். என் தொண்டையும் அப்படித்தான் ணொய் என்னுமோ. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. நகைக்கடைத் தெருவில் இந்துமதி ஒவ்வொரு கண்ணாடியிலும் நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்தாள், "அந்த அட்டியலைப் பாருங்க அத்தை, அய்யோ, என்ன வேலைப்பாடு," என்று சாலையில் போகிறவனுக்குக் கேட்கச் சொன்னாள், ஆசையை இப்படி வாசலிலேயே கொட்டினால் உள்ளே இருக்கிறவன் விலையை ஏற்றாமல் என்ன செய்வான், இந்தப் பிள்ளைக்கு யார் இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறது, சொல்லித்தான் வருமா, எனக்கு யார் சொன்னார்கள், அடி வாங்கின இடத்தில் தழும்பு, தழும்பு இருக்கிற இடத்தில் அறிவு. பத்தொன்பது வயதில் உள்பாவாடை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பவானியில் வீடு வீடாகப் போனபோது அவளுக்கிருந்த சொத்தே அந்தக் குரல்தான், தெருமுனையில் நின்று "பாவாடேய்" என்றால் கொல்லையில் இருக்கிறவள் கை கழுவிவிட்டு வருவாள். பிறகு சந்தையில் ஒரு சாக்கு விரிப்பு, பிறகு ஒரு தகரக் கொட்டகை, பிறகு கடை, பிறகு கடைக்குள் வெள்ளை மெத்தை, எல்லாம் அந்தக் குரல் கட்டினது. நாலாவது வரிசைக் கடைக்காரன் எவனாவது அவளிடம் வந்த ஆளை இழுத்தால் அவள் முதல் வரிசையிலிருந்தே அவன் மானத்தை வாங்குவாள். ஒரு தடவை அளவுகோலை வீசியிருக்கிறாள். கோபக்காரி என்றார்கள், சொல்லட்டும், கோபம் இல்லாவிட்டால் இந்நேரம் மூட்டை இன்னும் தலையில்தான் இருக்கும்.

சுற்றி வந்தபோது ஷட்டர்கள் கடகடவென்று ஏறத் தொடங்கியிருந்தன. முதலில் திறந்த கடையில் முதல் ஆளாக அவள் கால் வைத்தாள். நெற்றி நிறைய விபூதி வைத்த இளவட்டம், சாம்பிராணித் தட்டைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் "வாங்கம்மா, வாங்க, மொத போணி, நல்ல கையா இருக்கட்டும்" என்றான். அவள் உள்ளுக்குள்ளே சிரித்துக்கொண்டாள். வந்து மாட்டினாயா. விரலை நீட்டினாள், சேலை இறங்கியது, சிவப்பில் வெள்ளைப் புள்ளி, பச்சையில் மஞ்சள் புள்ளி, அவள் நுனியை எடுத்துப் பெருவிரலால் தேய்த்தாள், நல்ல சரக்கு, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, முகம் சாத்தின கதவு. "தொள்ளாயிரம்மா, மொத்தமா எடுக்கறதா இருந்தா பாத்துப் போடலாம்." அவள் நோட்டை எடுக்கலாமா விரலைக் காட்டலாமா என்று யோசித்த அந்த ஒரு நொடி, அந்த ஒரே நொடியில், பக்கத்திலிருந்த மோட்டார் ஓடிவிட்டது. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க, அத்தைக்குப் பேச முடியாதுங்க, தொண்டைல ஆப்ரேசனுங்க." இளவட்டத்தின் முகம் அப்படியே மாறியது, மயிலாத்தாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகத்தில் இருந்த வியாபாரி எழுந்து போய்விட்டான், அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் யாரோ கோயில் வாசலில் சில்லறை போடுகிறவன் வந்து உட்கார்ந்தான். "அடடா. அப்பிடியா. என்னம்மா நீங்க, மொதல்லயே சொல்லக் கூடாதா. பாவம். இந்த வயசுல இம்புட்டுத் தூரம். சரி, நான் ஒண்ணு சொல்றேன், எழுநூத்தித் தொண்ணூறு. எனக்கு ஒண்ணும் நிக்காது. நமக்கும் ஒரு புண்ணியம்." இந்துமதி அவள் முழங்கையைக் கிள்ளினாள், "எழுநூத்தித் தொண்ணூறுங்க அத்தை! ஜெயிச்சுட்டீங்க!" ஜெயித்துவிட்டேனா. எண்ணூறுக்குக் கீழே. ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னது சொன்னபடி. தலையை ஆட்டினால் போதும், ஆட்டு, யாருக்குத் தெரியப் போகிறது. ஆனால் காது இரண்டும் சூடேறிவிட்டது, பிடரியிலிருந்து ஏறியது, வயிற்றிலிருந்து ஒரு "டேய்" கிளம்பித் தொண்டைக்கு வந்து கதவைத் தட்டியது, அவள் பல்லைக் கடித்து அதைத் திருப்பி அனுப்பினாள். புண்ணியமாம். பிச்சைப் பாத்திரமா நீட்டினேன்? சேலையை மடித்து அதன் மடிப்பிலேயே வைத்தாள். திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். இவனுக்கு இன்னும் போணி ஆகவில்லையே. பாவம் பார்த்தானே தவிரப் பொய் சொல்லவில்லை, இவன் முதல் போணியை நான் கெடுத்துவிட்டுப் போனால் நாளைக்கு என் கடையில் எவளோ ஒருத்தி கெடுப்பாள். மேசைமேல் கைக்குட்டைக் கட்டு இருந்தது, ஒன்றை உருவினாள், அட்டையில் அறுபது ரூபாய் என்று போட்டிருந்தது, அறுபது ரூபாயை எண்ணி அவன் கையில் வைத்தாள், ஒரு பைசா குறைக்காமல். முப்பத்திரண்டு வருஷத்தில் சொன்ன விலைக்கு அவள் வாங்கின முதல் சாமான் அது. இளவட்டம் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு புரியாமல் பார்த்தான்.

தெருவில் வெயில் விழுந்துவிட்டது, அவள் நடந்த நடைக்கு இந்துமதி ஓட வேண்டியிருந்தது. "அத்தை, நில்லுங்க, ஏனுங்க, என்னாச்சுங்க, அவர் நல்லவிதமாத்தானுங்க சொன்னாரு, இதைவிடக் கம்மியா எவங் குடுப்பான்." எவன் கொடுப்பான், ஒருத்தனும் கொடுக்கமாட்டான், அதுதான் இப்போது மண்டைக்குள் திரும்பத் திரும்ப வந்து முட்டியது, போன இடத்துக்கே திரும்பி வருகிற இந்த ஊர்த் தெரு மாதிரி. விட்டாயே. கையில் வந்ததை விட்டாயே. கோபம் வந்தால் உனக்குக் கண் தெரியாது, எல்லாரும் சொல்வதுதானே. இனி நாலு கடை ஏறி இறங்கி, ஊமைச் சைகை காட்டி, எண்ணூற்றைம்பதுக்கு வாங்கிக்கொண்டு போய் இறங்கினால் பூபதி ஒன்றும் சொல்லமாட்டான், பலகையைத் துடைத்துவைப்பான், நீ மெத்தையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய் ஊஞ்சலில் உட்காருவாய், மாத்திரை நேரத்துக்கு வரும். திரும்பிப் போ, அந்தப் பையன் இன்னும் அதே விலைக்குத்தான் கொடுப்பான். கால் திரும்பப் பார்த்தது. இல்லை. பாவத்துக்குக் கிடைத்த விலை பாவம் தீர்ந்தால் ஏறிவிடும், அடுத்த தடவை நான் பேசிக்கொண்டு வந்து நின்றால் அவன் தொள்ளாயிரம் என்பான், அதற்கடுத்த தடவை பாவம் வேண்டும் என்று நானே தொண்டையைத் தொட்டுக் காட்டுவேன், அப்புறம் அதுவே பிழைப்பாகிவிடும். யோசனையில் எந்தத் திருப்பத்தில் திரும்பினாளோ, கீழ மாசி வீதிக்குள் வந்துவிட்டாள், இரண்டு பக்கமும் பலசரக்கு மண்டி, சாக்குச் சாக்காக மிளகாய் வத்தல், ஒரு ஆள் சாக்கை உதறினான், காரம் காற்றில் எழும்பி நேராக அவள் மூக்கில் ஏறியது. தொண்டை அரிக்கத் தொடங்கியது. இருமக் கூடாது. டாக்டர் அதையும் சொன்னான், செருமக் கூடாது, இருமக் கூடாது, வந்தால் தண்ணி குடிங்க. பாட்டில் இந்துமதி பையில், இந்துமதி பத்தடி பின்னால். கூப்பிட முடியாது. கூட்டத்தின் நடுவில் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர், உள்ளே அறுத்த இடம் சின்ன வாயாகத் திறந்து மூடுகிற மாதிரி, கத்தப் போகிறேன், கத்தினால் கிழிந்துவிடும், கிழிந்தால் காற்றுதான், ஆயுசு பூராவும் காற்றுதான். கை ஒன்று பாட்டிலை நீட்டியது. குடித்தாள். அரிப்பு மெதுவாக, நாய் சுருண்டு படுக்கிற மாதிரி, சுற்றிச் சுற்றி அடங்கியது. ஓரமாக நின்று அவள் நோட்டை எடுத்து எழுதினாள்: பேச முடியாதவள் வேறு. பேசாதவள் வேறு. அடுத்த கடையில் நீ வாயைத் திறந்தால் உன்னை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன். இந்துமதி படித்தாள், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள், தலையாட்டினாள். அவ்வளவு நல்ல பிள்ளையாக அவளை மயிலாத்தாள் அதுவரை பார்த்ததில்லை.

விளக்குத்தூண் தாண்டி ஒரு சந்தில் நீளமான கடை, ஆள் யாரும் இல்லை, மொட்டைத் தலையும் தங்கப் பல்லுமாகக் கடைக்காரர் ஒருவர் விசிறியை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிர்க் கடையிலிருந்து ஒருவர், "என்னா சோணையாண்ணே, இன்னும் போணி ஆகலயா?" என்று கேட்க, "நீ கேட்டியில்ல, இனி எங்கிட்டு ஆகும்" என்றார். மயிலாத்தாளின் காது அதை அப்படியே எடுத்து முடிந்துகொண்டது. ஏறினாள், உட்கார்ந்தாள், கைமுடிச்சு என்று விரல்களைக் குவித்து முறுக்கிக் காட்டினாள், ஆறு விரலும் ஒரு சுழியுமாக அறுபது என்று காட்டினாள். சோணையாவின் கண் அவளை ஒரு தடவை ஏறி இறங்கியது, காதுத் தோடு, கையில் ஒற்றை வளையல், கால் செருப்பு, வியாபாரிதான் என்று கண்டுகொண்டது. ஒரு கட்டு வந்து விழுந்தது. "எல்லாமே கைமுடிச்சு தாயி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு, தொள்ளாயிரத்தி எண்பது." அவள் மேல் சேலையை விரித்தாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சோணையா காத்திருந்தார். அவர் காத்திருக்கிறது அவளுக்குத் தெரிந்தது, பழைய மயிலாத்தாள் என்றால் இந்நேரம் "என்னது, தொள்ளாயிரத்தி எண்பதா, சேலை தனியா வருதா, கூட ஆளும் வருதா?" என்று கேட்டிருப்பாள், அவர் ஒன்று சொல்லியிருப்பார், அவள் ஒன்று, இரண்டு பேரும் ஒருத்தர் சொல்லை ஒருத்தர் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பார்கள். இப்போது பிடித்துக்கொள்ள அவருக்கு ஒன்றும் இல்லை. "சரி, அறுபது எடுக்கறீக, தொள்ளாயிரத்தம்பதுன்னு வச்சுக்கங்க." அவள் அடுத்த சேலையைத் தொட்டாள். விசிறி நின்றது. "நூல் விலை ஏறிப் போச்சு தாயி, சாயம் ஏறிப் போச்சு, என்னாத்தச் சொல்ல. தொள்ளாயிரம்." அவள் கூரையில் ஓடுகிற பல்லியைப் பார்த்தாள். பக்கத்தில் இந்துமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்பி, சிவந்து, கோயில் தெப்பத்து மீன் மாதிரி இருந்தாள். "ஏத்தா, நீயாவது சொல்லு, உங்கம்மா என்னா இப்பிடிக் கல்லாட்டம் இருக்காக?" இந்துமதி தலையை ஆட்டினாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். "எட்டு எழுபது. எட்டு அறுபது. எட்டு நாப்பது, அதுக்கு மேல ஒரு ரூவா எறங்குனா நான் காவிதான் கட்டணும்." நின்றுவிட்டது. எட்டு நாற்பதில் வண்டி நின்றுவிட்டது. இதற்கப்புறம் வெறும் மௌனத்துக்கு இறங்காது என்று அவளுக்கும் தெரிந்தது, அவர் விசிறியை எடுத்து மறுபடி வீச ஆரம்பித்துவிட்டார், விசிறி வீசுகிறவன் முடிவு பண்ணிவிட்டவன். நாற்பது ரூபாய், அந்த நாற்பது ரூபாய்க்கு அந்தப் பக்கம் ஊஞ்சல், மாத்திரை, பலகை. அப்போதுதான் அவளுக்கு அந்தச் சேலம் மூட்டை ஞாபகம் வந்தது. இருபத்து நாலு வயசு. தாலியை வைத்து வாங்கின முதல் மொத்த மூட்டை. மேலே பத்து உருப்படி பூப் போல, வாங்கினவள் சந்தையில் பிரித்தால் அடியில் பூராவும் கஞ்சியில் விறைத்த மட்டத்துணி, அன்றைக்கு அவள் சாக்கின் மேல் உட்கார்ந்து அழவில்லை, மூட்டையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றாள். கை தானாகப் போனது. கட்டின் நடுவயிற்றில் நுழைந்து, ஒரு சேலையை கன்றுக்குட்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்தது. "அதை எதுக்குத் தாயி கலைக்கிறீக, எல்லாம் ஒண்ணுதான்." வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்தாள். புள்ளி. அழகான புள்ளி. அளந்து வைத்த மாதிரி ஒரே வரிசை, ஒரே வட்டம், முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் இரட்டைப் பிள்ளை. விரலை ஓட்டினாள், வழுவழுவென்று ஓடியது. நூலால் முடிந்து சாயத்தில் முக்கி அவிழ்த்த துணி அப்படி ஓட விடாது, ஒவ்வொரு புள்ளியிலும் சின்னதாக மூக்கை விடைத்துக்கொண்டு விரலைத் தடுக்கும், ஒன்று பெரிதாக, ஒன்று கோணலாக, ஒன்று கண்ணை மூடின மாதிரி. திருப்பினாள், மறுபக்கம் வெளிறிப்போயிருந்தது. அச்சு. அச்சடித்த சரக்கு. வயிற்றுக்குள் அந்தப் பழைய "டேய்" எழுந்தது, சந்தே அதிரட்டும் என்று எழுந்தது, அவள் அதை உட்கார வைத்தாள். அவசரமே இல்லாமல் கட்டு முழுவதையும் பிரித்தாள். கைமுடிச்சு வலது பக்கம். அச்சு இடது பக்கம். வலது. வலது. இடது. இடது. இடது. துணி துணிமேல் விழுகிற சத்தத்தைத் தவிரக் கடையில் ஒன்றும் இல்லை. எதிர்க் கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். பூ விற்க வந்தவள் ஒருத்தி வாசலில் நின்றாள். சோணையாவின் மொட்டையில் முத்து முத்தாக வேர்த்தது, எழுந்தார், வேட்டியை இறுக்கிக்கொண்டார், கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார், "சத்தம் போடாதீக தாயி. சத்தம் போடாதீக. வெளிய ஆளு நிக்குது." இந்துமதிக்கு இதற்கு மேல் தாங்கவில்லை, முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். மயிலாத்தாள் நிமிர்ந்து அந்த மனுஷனைப் பார்த்தாள், வெறுமனே பார்த்தாள். எத்தனை வருஷம், எத்தனை தொண்டை, கத்துகிறபோதெல்லாம் எதிராளி திருப்பிக் கத்துவான், நான் கோபக்காரி என்பான், கூட்டம் அவன் பக்கம் பாதி என் பக்கம் பாதி நிற்கும், விஷயம் எங்கோ காணாமல் போய்விடும். இன்றைக்கு விஷயம் மட்டும் நடுவில் கிடந்தது, இடமும் வலமுமாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. "யாரோ ஏமாத்திப்புட்டாய்ங்க தாயி, என் தலையில கட்டிட்டாய்ங்க. மாடியில தனியா இருக்கு, நூத்துக்கு நூறு கைமுடிச்சு, நீங்களே ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்து எடுங்க. எழுநூத்தம்பது." அவள் அசையவில்லை. "எழுநூத்தி இருவத்தஞ்சு. இதாவது ஆகட்டும் தாயி, மொத போணி, எம் மூஞ்சிக்காகக் குடுத்துட்டுப் போங்க." எழுநூற்று இருபத்தைந்து. புண்ணியத்தைவிட அறுபத்தைந்து ரூபாய் கீழே. அவள் வலது பக்கக் குவியலின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தட்டினாள். முடிந்தது. சோணையா உட்கார்ந்து, விசிறியைத் தேடி எடுத்து, எதிர்க் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார், "என்னா வேடிக்க? இந்தம்மா ஒரு வார்த்த பேசலய்யா. எம் வாயாலயே எம் வெலய எறக்க வச்சிருச்சு. எந்த ஊரு சாமி நீங்க?" மயிலாத்தாள் மேலே மாடியைக் காட்டினாள். வியாபாரம் இன்னும் பாக்கி இருக்கிறது, ஊர்க்கதை அப்புறம். மேலே போய் அறுபதையும் தடவித்தான் எடுத்தாள், ஒவ்வொரு புள்ளியும் விரலைத் தடுத்தது, வழி மறித்தது, அவள் அத்தனையையும் நின்று நின்று கடந்தாள், அவ்வளவு சந்தோஷமான தடங்கலை அவள் விரல்கள் இதுவரை கண்டதில்லை.

மூட்டைகளை லாரி செட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு மாசி வீதிக்கு வந்தபோது மணி பன்னிரண்டு, கூட்டம் தோளோடு தோள் உரசியது, எல்லாக் கடையும் எல்லா வாயும் திறந்து கூவிக்கொண்டிருந்தன, அவள் ஒருத்திதான் அந்தச் சத்தத்தின் நடுவில் ராணி மாதிரி வாயை மூடிக்கொண்டு நடந்தாள். எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்று இப்போது யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்ப் பந்தல் நிழலில் நின்றபோது இந்துமதி மெல்ல, "அத்தை, இப்பப் பேசலாங்களா?" என்று கேட்டாள். மயிலாத்தாள் தலையசைத்தாள், அணை உடைந்தது, அவள் பேசியது அத்தையோடு இல்லை, போனில் பூபதியோடு, "ஏனுங்க, எழுநூத்தி இருவத்தஞ்சுங்க, ஆமாங்க, கைமுடிச்சு, அத்தனையும், ஒரு வார்த்தை பேசலீங்க, சாமி சத்தியமா, அந்த ஆளு சத்தம் போடாதீங்கன்னு கையெடுத்துக் கும்புடறாருங்க," என்று ஒரே மூச்சில் கொட்டி முடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மாமியார் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஈரோட்டிலிருந்து பூபதியின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, அவனுக்கென்ன, செருமலாம். "சரிங்மா. ஒத்துக்கறேன். நீங்க உக்காருங்க. ஆனா பலகை எழுதிட்டேன் பாருங்க, அதை என்ன பண்றது. ஒரு யோசனை. சேலைக்கு வேண்டாம், நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் மட்டும் மாட்டிக்கலாம்." அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவில்லை, ஆச்சரியம், அது எங்கே போனதென்றே தெரியவில்லை, அதன் இடத்தில் அகலமாக ஒன்று உட்கார்ந்திருந்தது, வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி. "அம்மா? கேக்கறீங்களா?" "கேட்டுட்டுத்தான் இருக்காங்க," என்றாள் இந்துமதி. "சரி, சரிங்மா, உள்பாவாடைக்கு வேண்டாம். அது உங்க சரக்கு. நைட்டிக்கு மட்டும்." ஒரு ஜவ்வுமிட்டாய்க்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். "நைட்டிக்கும் வேண்டாங்களா? அப்ப ஒண்ணு பண்ணலாம், துண்டு, கைக்குட்டை, இந்தச் சில்லறை அயிட்டத்துக்கு மட்டும், உள்ளாற ஒரு மூலைல, யாருக்கும் தெரியாத மாதிரி..." நிழலில் காற்று வந்தது. மயிலாத்தாள் சாவகாசமாகச் சுவரில் சாய்ந்துகொண்டாள், முந்தானையை எடுத்து விசிறிக்கொள்ளக்கூட இல்லை. இன்னும் இறங்குவான்.